அபேரத்ன கேட்ட பஸ்

மனுவைச் சபையில் சமர்ப்பித்த எம்.பி. ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றி வாசித்தார். இஹல என்பதற்குப் பதிலாக பஹல என்றார்.

எங்கள் பக்கத்தில் குளத்துக்கு மேலே இருப்பது இஹல திவுல்வெவ, கீழே இருப்பது பஹல திவுல்வெவ. நடுவில் வயல். பாராளுமன்றத்தில் மனு சமர்ப்பிக்கும் நேரம் காலையில் வரும். ஒவ்வொரு எம்.பி.யாக எழுந்து மனுதாரரின் பெயரையும் முகவரியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்காருவார். பாதிப் பேர் அப்போது இருக்கையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சொன்னது அப்படியே அச்சாகும். அச்சான முகவரிக்குத்தான் பொது மனுக்கள் குழுவின் கடிதம் போகும்.

பெயரைச் சரியாகத்தான் வாசித்தார். எச்.எம். அபேரத்ன. ஆனால் இரண்டு ஊரிலும் முக்கால்வாசிப் பேர் ஹேரத் முதியான்சேலாகே பரம்பரை என்பதால் எல்லோருக்கும் எச்.எம். தான். மேலூர் அபேரத்ன டிப்போவில் பஸ் ஓட்டியவர், ட்ரைவர் அபே. கீழூர் அபேரத்ன வீடு வீடாகப் பாக்கு வாங்கிச் சந்தையில் விற்பவர், பாக்கு அபே. ஊருக்குள் இந்தப் பெயர்கள் போதும். பாராளுமன்றத்துக்கு இவை தெரியாது.

ட்ரைவர் அபே கேட்டது பெரிய விஷயமில்லை. அறுபது வயது முடிவதற்குள் தன் வேலையைத் திருப்பித் தர வேண்டும், மறுபடி ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலை போன கதை இது. ஒரு வருடம் தெதுரு ஓயா ஆறு பெருகி ரோட்டுக்கு ஏறியபோது இவருடைய பஸ் இரண்டு மதகுகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டது. பயணிகளைக் கயிறு கட்டி இறக்கினார்கள். கண்டக்டர் டிக்கெட் பையோடு எப்படியோ அக்கரை சேர்ந்தார். அபே மட்டும் இறங்கவில்லை.

"நான் போனா பட்டரியக் கழட்டிருவானுக. தண்ணி வடியட்டும், பஸ்ஸோட வர்றேன்னு டிப்போவுல சொல்லு" என்று கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். கண்டக்டர் சொன்னாரா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. அவர் அடுத்த மாதமே கட்டாருக்குப் போய்விட்டார்.

அபே பின் சீட்டில் படுத்தார். பக்கத்து வீட்டார் அவித்த பலாக்காயும் தேங்காய்ப்பூவும் கொடுத்தார்கள். காலையும் மாலையும் முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சக்கரத்தின் கீழே மண் அரிக்கிறதா என்று பார்த்தார். அந்தத் தண்ணீர் எலிக்காய்ச்சலைக் கொடுத்தது. நினைவு தப்பிய மனிதரை ஊரார் ட்ரக்டரில் ஏற்றி அடுத்த மாவட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் தண்ணீர் வடிந்தது. பஸ்ஸை இழுத்துப் போக வந்த டிப்போ ஆட்கள் உள்ளே பார்த்துவிட்டு, சாரதி இல்லை என்று எழுதினார்கள். அது உண்மையும்கூட.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பதிவுத் தபால் வந்தது. 'பதவியை வெறிதாக்கியவராகக் கருதப்படுகிறீர்' என்றிருந்தது. கந்தோர் என்னும் எங்கள் அரச அலுவலகங்களின் பழைய சொல் அது. ஒருவன் அறிவிக்காமல் வராமல் போனால் தன் இடத்தைத் தானே காலியாக்கிவிட்டான் என்று பொருள். யாரும் அவனை நீக்கவில்லை. ஆகவே ஏன் நீக்கினாய் என்று யாரையும் கேட்க முடியாது.

"வெறிதாக்கினேனாம்" என்பார் அபே. "நான்தான் உள்ள படுத்திருந்தேன். என்னைத் தூக்கிட்டுப் போனப்புறம்தான் அது வெறிதாச்சு."

ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டைக் காட்டினார். காலம் கடந்து தந்ததாகச் சொன்னார்கள். மேன்முறையீடு செய்தார். பரிசீலித்து நிராகரித்தோம் என்று ஒற்றை வரி வந்தது. கடைசியில்தான் யாரோ சொல்லி எம்.பி. வீட்டுக்கு வெற்றிலைக் கட்டோடு போனார். ஒரு குடிமகன் தானாகப் பாராளுமன்றத்துக்கு மனு கொடுக்க முடியாது. ஓர் எம்.பி. கையெழுத்து வைத்துச் சபையில் சமர்ப்பித்தால்தான் அது மனு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டு முற்றம் சந்தை மாதிரி இருக்கும். வேலை வேண்டுவோர், இடமாற்றம் வேண்டுவோர், கலியாணத்துக்கு எம்.பி.யைக் கூப்பிட வந்தோர். செயலாளர் பிரியங்கர மேசைக்குப் பின்னால் தட்டச்சில் இருந்தார்.

"மேல சுருக்கமா ஒரு வரி வேணும் ஐயே. என்ன வேணும்னு சொல்லுங்க."

"என் பஸ்ஸைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

"வேலையத் திருப்பிக் கேக்குறீங்க, அதுதானே?"

"பஸ் இல்லாம என்ன வேலை மஹத்தயா? பஸ்னே போடுங்க."

பிரியங்கர சிரித்துக்கொண்டே, 'பறிக்கப்பட்ட பஸ்ஸை மீண்டும் பெற்றுத் தருமாறு கோரல்' என்று அடித்தார். எம்.பி. தோளில் தட்டி, "கவலைப்படாதீங்க அபே, நானே எழும்பி வாசிக்கிறேன்" என்றார். வாசித்தார்.

அதற்குப் பிறகு நீண்ட காலம் ஒன்றும் வரவில்லை. பாராளுமன்றம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அபே பொறுத்திருந்தார். பொறுத்திருந்தவர் ஒருநாள், பஹல திவுல்வெவச் சந்திக்குச் சிவப்பு பஸ் வருகிறது என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் போனார். அந்த ஊருக்கு முன்பு ஓடிய பஸ்ஸை டிப்போ நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. வாழைமரம் கட்டி, வெடி கொளுத்தி, பஸ்ஸின் நெற்றியில் மாலை போட்டிருந்தார்கள். முன் சீட்டிலிருந்து வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக இறங்கியவர் பாக்கு அபே.

தேத்தண்ணிக் கடையில் பாக்கு அபேயைச் சுற்றிக் கூட்டம்.

"பாராளுமன்றம் கூப்பிட்டுச்சு மச்சான். சும்மா இல்ல, முத்திரை வச்ச கடிதம். என் பேருக்கு."

"உன்னயா? பாக்கு விலை கேக்கவா?" என்றார் கடைக்காரர்.

"போக்குவரத்து சம்பந்தமான உங்க மனுன்னு போட்டிருந்துச்சு. நான் எப்படா மனு குடுத்தேன்னு யோசிச்சேன். அப்புறம் புரிஞ்சுது. எலக்ஷன் கூட்டத்துல எம்.பி. கையப் புடிச்சு, எங்க பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க மஹத்தயான்னு சொன்னேனில்லயா? மனுசன் அத மனசுல வச்சிருக்காரு பாருன்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு."

"அங்க என்ன கேட்டாங்க?" ட்ரைவர் அபே கேட்டார்.

"பெரிய மேசை. இந்தப் பக்கம் எம்.பி.மார், அந்தப் பக்கம் டிப்போ பெரியவங்க. தலைவர் பேப்பரப் பாத்துட்டு, உங்க பஸ்ஸப் பறிச்சிட்டாங்களான்னார். ஓம் சேர், பறிச்சிட்டாங்க, திருப்பிக் குடுங்கன்னேன். டிப்போ ஆளுக மூஞ்சியப் பாக்கணுமே. ஃபைல் கிடைக்கல, தவணை வேணும்னு கேக்க வந்தவங்களாம். இவ்வளவுதானா, இந்தா தர்றோம்னுட்டாங்க. வேற ஒண்ணும் வேணாமான்னு தலைவர் கேட்டார். நான் என்ன பேராசை புடிச்சவனா? ஒரு பஸ் போதும் சேர்னேன்."

கடை சிரித்தது. ட்ரைவர் அபே கிளாஸைக் கீழே வைத்தார்.

"டேய், அது என் மனுடா."

"என்ன மனு?"

"என் வேலை போன மனு. நான் குடுத்தது. நீ போய் பஸ் வாங்கிட்டு வந்திருக்கே."

பாக்கு அபேயின் வாயில் வெற்றிலை அசையாமல் நின்றது. "கடிதத்துல என் பேர்தானே இருந்துச்சு" என்றார் கடைசியில்.

குழுவின் கந்தோருக்கு அபே தொலைபேசி எடுத்தார். மறுபக்கத்தில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார்.

"அந்த மனு முடிஞ்சிருச்சு ஐயா. மனுதாரர் வந்தார், கேட்டது கிடைச்சுது, திருப்தின்னு சொல்லிட்டார்."

"மனுதாரர் நான்தான் மகள். நான் வரவே இல்ல."

"எச்.எம். அபேரத்ன, திவுல்வெவதானே?"

"ஓம்."

"அவர் வந்தாரே ஐயா."

கொஞ்ச நேரம் இப்படியே சுற்றிய பிறகு அந்தப் பெண் வழி சொன்னார். முடித்த மனுவைத் திறக்க முடியாது. எம்.பி. புதிதாக ஒன்று சமர்ப்பித்தால் குழு மறுபடி விசாரிக்கும்.

எம்.பி.யிடம் போனால் அவருக்குச் சங்கடம். பஹல திவுல்வெவயில் அவருடைய படத்தோடு, பஸ் தந்த தலைவர் என்று பதாகை கட்டியிருந்தார்கள். "செய்வோம் அபே. ஆனா இப்ப உடனே வேணாம். பஸ் இப்பத்தானே ஓடத் தொடங்கியிருக்கு" என்றார்.

அதையே சொல்ல இன்னொருவரும் வந்தார். பஹல மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் சீலவதி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

"ட்ரைவர் அண்ணே, நீங்க கேக்குறது நியாயம். இல்லன்னு யாரும் சொல்லல."

"அப்புறம் என்ன?"

"நீங்க போய் அது வேற ஆள்னு சொன்னா, தப்பாக் குடுத்த பஸ்னு வெட்டிருவாங்க. எங்க புள்ளைக இப்பத்தான் செருப்பு தேயாமப் பள்ளிக்கூடம் போகுதுக. கொஞ்சம் பொறுங்களேன்."

"எவ்வளவு பொறுக்கணும் சீலவதி? எனக்கு வயசு நிக்குமா?"

"அடுத்த தவணைப் பரீட்சை முடியும் மட்டும்."

அவர் போன பிறகு அபேயின் மனைவி ரம்யலதா வாழைப்பழத்தைத் தொடவில்லை. "ஊருக்கே பஸ் வாங்கிக் குடுத்தவர் நீங்க. உங்க பேர் போட்டு ஒரு பதாகை கட்டச் சொல்லுங்களேன்" என்றார்.

ஆனால் அபே பொறுத்தார். இதைச் சிலர் பெருந்தன்மை என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவரிடம் அப்படிச் சொன்னால் கோபம் வரும். "எம்.பி. கையெழுத்து வைக்கல. நான் என்ன, சபைக்குள்ள பாய்ஞ்சா குடுக்க முடியும்?" என்பார்.

பரீட்சை முடிந்தது. எம்.பி. கையெழுத்து வைத்தார். இந்த முறை இஹல என்ற சொல்லின் கீழ் பிரியங்கர சிவப்பில் கோடு போட்டார். மனு சபைக்குப் போனது. குழு அதை விசாரணைக்கு எடுக்கும் முன்னே பாராளுமன்றம் கலைந்தது. கலைந்தால் அங்கே கிடப்பில் உள்ள மனுக்களும் அதோடு செத்துப்போகும். குழுவே இல்லாமல் போகும். தேர்தலில் எம்.பி. தோற்றார். பிரியங்கர மேசையை எடுத்துக்கொண்டு தன் ஊருக்குப் போய் மருந்துக்கடை வைத்தார்.

அபே புதிய எம்.பி. வீட்டு முற்றத்தில் வெற்றிலைக் கட்டோடு நின்றார். அதே கூட்டம். கதையை முதலிலிருந்து சொன்னார். தெதுரு ஓயா, மதகு, எலிக்காய்ச்சல், பாக்கு அபே. புதிய எம்.பி. பாக்கு அபே வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தவர் பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, "இத மறுபடி சொல்லுங்க" என்றார். அபே மறுபடி சொன்னார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிய பாராளுமன்றம் கூடியது. குழுவுக்கு ஆட்களை நியமிக்க நாளானது. மனு சமர்ப்பிக்கப்பட்டு, அழைப்புக் கடிதம் சரியான வீட்டுக்கே வந்தபோது, அபேக்கு அறுபதுக்கு இன்னும் கொஞ்ச மாதங்கள்தான் இருந்தன. முதல் தவணைக்குப் போனார். டிப்போவின் பிரதேச அதிகாரி திருமதி எக்கநாயக்க, பதவிக்குப் புதியவர், எழுந்து கைகூப்பி, "நான் வந்து ஆறு வாரம்தான் சேர். கோப்பைப் படிக்கத் தவணை வேணும்" என்றார். குழு தவணை கொடுத்தது. இரண்டாம் தவணைக்கு உறுப்பினர்கள் போதவில்லை. அன்று ஏதோ பெரிய வாக்கெடுப்பு. காத்திருந்தவர்களுக்கெல்லாம் சிற்றுண்டிச்சாலையில் சோறு கொடுத்து அனுப்பினார்கள்.

மூன்றாம் தவணைக்குச் சாட்சியாகப் பாக்கு அபேயையும் அழைத்துப் போனார். அவர் தயங்கினார். சீலவதி வழிமறித்து, வாயை அடக்கிப் பேசு என்று எச்சரித்திருந்தார். இருந்தாலும் அதே வெள்ளைச் சாரத்தோடு வந்துவிட்டார்.

குழுத் தலைவர் தடித்த கண்ணாடி போட்ட மனிதர். பத்திரங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த மனுதாரருக்கு முன்ன ஒரு முறை தீர்வு குடுத்திருக்கே?"

"அது நான் சேர்" என்றார் பாக்கு அபே. "தப்பா வந்துட்டேன். கடிதம் என் வீட்டுக்கு வந்துச்சு. அபேரத்ன நானும்தான். ஆனா பஸ்ஸ மட்டும் எடுத்துறாதீங்க சேர், புள்ளைக போகுதுக. இவர் நல்ல ட்ரைவர். இவருக்கு வேலையும் குடுங்க, எங்களுக்கு பஸ்ஸும் இருக்கட்டும். ரெண்டும் ஒரே டிப்போதானே."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆஸ்பத்திரித் துண்டை எடுத்துத் திகதியைப் பார்த்தார். இழுத்துப் போக வந்தவர்கள் எழுதிய தாளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அம்மணி, இந்த மனுசன் நினைவில்லாம ஆஸ்பத்திரியில கிடந்த அன்னைக்கு, பஸ்ஸ விட்டுட்டு ஓடிட்டான்னு எழுதியிருக்கீங்க."

"அது எனக்கு முந்தி இருந்தவங்க காலம் சேர்."

"எல்லாமே முந்தி இருந்தவங்க காலம்தான். இது அநியாயம். இவரத் திரும்பச் சேர்க்கணும்னு குழு விதந்துரைக்குது. எழுதிக்கங்க."

"விதந்துரையைப் பணிப்பாளர் சபைக்கு வைக்கிறேன் சேர். சபை கூடினதும் அறிக்கை தர்றோம்."

அபே எழுந்தார். எழச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"சேர், எனக்கு வயசு போகுது. அந்தச் சபை எப்ப கூடும்?"

தலைவர் திருமதி எக்கநாயக்கவைப் பார்த்தார். அவர் தன் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கோப்பைப் பார்த்தார்.

"விரைவில் சேர்" என்றார் திருமதி எக்கநாயக்க.

"விரைவுபடுத்துங்க" என்று தலைவர் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு அபேயிடம் குரலைத் தாழ்த்தி, "நீங்க வென்றுட்டீங்க. சந்தோசமாப் போங்க" என்றார். எழுதுநர் அடுத்த மனுவின் இலக்கத்தை வாசித்தார்.

வெளியே வந்ததும் பாக்கு அபே, "பாத்தியா, ரெண்டும் கேட்டேன், ரெண்டும் கிடைச்சுது" என்றார். விதந்துரை என்றால் வெறும் பரிந்துரைதான், குழுவால் பின்னாலிருந்து தள்ளத்தான் முடியும், இழுத்துவர முடியாது என்பது ட்ரைவர் அபேக்கு அந்த அறையிலேயே புரிந்துவிட்டது. மழைக்காலம் முடியும்வரை ஒவ்வொரு வாரமும் டிப்போவுக்குத் தொலைபேசி எடுத்தார். சபைக்குப் புதிய தலைவரை நியமிக்கப் போகிறார்கள், அதற்குப் பிறகுதான் என்றார்கள்.

கடிதம் ஒருநாள் வந்தது. டிப்போவுக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ரம்யலதா காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தார். காற்சட்டை இடுப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஊசி குத்திச் சரிசெய்தார்.

டிப்போ அத்தியட்சகர் விதானகே எழுந்து கை கொடுத்தார். தேத்தண்ணி வரவழைத்தார். "வாழ்த்துகள் அபேரத்ன. வெறிதாக்கல் ரத்து. அந்த நாளிலிருந்தே நீங்க சேவையில இருந்ததாக் கணக்கு. இடைவெளியே இல்ல."

"நன்றி சேர். எந்த பஸ்?"

விதானகே கடிதத்தை அவர் பக்கம் திருப்பி, கடைசிப் பந்தியைக் காட்டினார். அறுபது வயது பூர்த்தியானதால் அபேரத்ன கடந்த மாதம் முதல் ஓய்வு பெற்றவராவார்.

அபே அதை இரண்டு தடவை வாசித்தார். "குழு எப்ப சொன்னது சேர் இது? மழைக்கு முந்தி சொன்னது."

"சபை கூடணுமே."

"எனக்கு அறுபது ஆனதும் கூடிருச்சு."

"அப்படிச் சொல்லாதீங்க. உங்க பேர் சுத்தமாயிருச்சு. அது பெரிசில்லயா?"

பெரிதுதான் என்று அபே ஒத்துக்கொண்டார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வெளியே வந்தார்.

முற்றத்தில் வாரியபொலவுக்குப் போகும் பஸ் எஞ்சின் அணைந்து நின்றது. உள்ளே ஆட்கள் நிறைந்து வேர்த்துக்கொண்டிருந்தார்கள். நேரக்காப்பாளர் கூண்டுக்கு முன்னால் ஒரு கூட்டம் கத்தியது.

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்கோம். ட்ரைவர் எங்கய்யா?"

"ட்ரைவர் இல்ல. ஆளே பத்தாது. இந்த ட்ரிப் கான்சல்" என்றார் நேரக்காப்பாளர்.

கூடை வைத்திருந்த ஒரு பெண் காக்கிச் சட்டையைக் கண்டுவிட்டாள். "இந்தா நிக்கிறாரே ஒருத்தர். மஹத்தயா, நீங்க ட்ரைவர்தானே? எடுங்களேன் பஸ்ஸை."

எல்லோரும் திரும்பினார்கள். நேரக்காப்பாளருக்கு அபேயைப் பழக்கம். ஒரு கணம் அவர் கை சாவிகள் தொங்கிய தட்டியை நோக்கிப் போனது. பிறகு கந்தோர் ஜன்னலில் நின்ற விதானகேயைப் பார்த்தார். விதானகே தலையசைத்தார், முடியாது என்று.

"நான் ரிடயர்" என்றார் அபே அந்தப் பெண்ணிடம்.

"எப்பலேருந்து?"

"போன மாசத்துலேருந்து."

"அப்ப எதுக்கு இந்தச் சட்டை?" என்றாள் அவள் எரிச்சலோடு, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள். தனியார் பஸ் பிடிக்கச் சந்திக்குப் போகும் அந்தக் கூட்டத்தோடு அபேயும் நடந்தார்.